16 வயதில் ஜெர்மனி போன சோன் ஹியுங்-மின்: அவரை உருவாக்கியது எது?

கேள்வி இதுதான்: தென் கொரியாவின் சோன் ஹியுங்-மின் 16 வயதிலேயே ஜெர்மனிக்குப் போய்விட்டார். அப்படிப் போனதால்தான் இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஆனாரா? கால்பந்தில் மேலே வர ஆசைப்படும் பையன் சின்ன வயதிலேயே ஐரோப்பாவுக்குப் போய்விட வேண்டுமா?

போனது உதவியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் விமானம் ஏறுவதற்கு முன்னால் ஊரில் நடந்த ஏழெட்டு வருடப் பயிற்சியையும், ஏறிய பிறகு சொந்த நாட்டுச் சட்டம் அவருக்கு வைத்திருந்த ஒரு கெடுவையும் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர் போய்ச் சேர்ந்த ஜெர்மன் கிளப்பின் ஊரான ஹாம்பர்க்கில் ஆரம்பிப்பார்கள். நான் சுன்சியோனில் ஆரம்பிக்கிறேன்.

சுன்சியோன் சியோலுக்கு வடகிழக்கே, ஏரிகள் சூழ்ந்த ஊர். 1992 ஜூலை 8 அன்று சோன் அங்கே பிறந்தார். அப்பா சோன் வூங்-ஜங்கும் தொழில்முறை ஆட்டக்காரர்தான். முன்களத்தில் ஆடியவர், காயத்தால் முப்பது வயதுக்கு முன்பே பூட்ஸைக் கழற்ற வேண்டியதாயிற்று. அப்புறம் குடும்பம் நடத்தக் கட்டட வேலைக்குக்கூடப் போனார். தன்னிடம் வேகம் இருந்தது, பந்துக் கட்டுப்பாடு இல்லை என்பது அவர் தன்னைப் பற்றியே வைத்திருந்த மதிப்பீடு. அந்தக் குறை பிள்ளைகளுக்கு வரக் கூடாது என்று முடிவு செய்தார். மூத்தவனும் இளையவனும் கால்பந்து கற்றுக்கொடுங்கள் என்று வந்து நின்றபோது, அவர்களை ஆட்டத்துக்கே அனுப்பவில்லை. வருடக்கணக்கில் அடிப்படை மட்டும்தான்: பந்தைக் கீழே விடாமல் தட்டுவது, வாங்குவது, கொடுப்பது, திரும்புவது, எல்லாவற்றையும் இரண்டு காலாலும். அந்த வயதுக் கொரியப் பிள்ளைகள் பள்ளி அணிகளில் கோப்பைக்காக ஓடிக்கொண்டிருந்தபோது, இவன் பதின்மூன்று பதினான்கு வயது வரை அப்பாவோடு திடலில் நின்று இதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தான்.

ஒருமுறை அண்ணனும் தம்பியும் சண்டை போட்டார்கள். தண்டனையாக, நான்கு மணி நேரம் பந்தைக் கீழே விழாமல் தட்ட வேண்டும் என்றார் அப்பா. மூன்று மணி நேரம் தாண்டியதும் ஒரு பந்து மூன்றாகத் தெரிந்தது, தரை சிவப்பாகத் தெரிந்தது என்று சோன் பிற்காலத்தில் ஒரு பேட்டியில் சொன்னார். புகாராகச் சொல்லவில்லை, நன்றியோடுதான் சொன்னார்.

ஆனால் அந்த முறையை அப்படியே தூக்கிவைத்துக் கொண்டாட என்னால் முடியாது. சுன்சியோனில் அப்பா நடத்தும் பயிற்சிக்கூடத்தில் ஒரு சிறுவனை வார்த்தையாலும் செயலாலும் துன்புறுத்தியதாக 2024இல் வழக்கு எழுந்து, அவருக்கும் அங்கே பயிற்சி தரும் மூத்த மகனுக்கும் நீதிமன்றம் அபராதம் விதித்தது. ஒரு பையனை உலகத்தரத்துக்குக் கொண்டுபோன கண்டிப்பு இன்னொரு பையனுக்கு வெறும் கொடுமையாகவே இருந்துவிடலாம். அந்தக் குடும்பத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பொறுமைதான். போட்டிக்கும் கோப்பைக்கும் அவசரப்படாமல், பந்தோடு கழித்த அந்த வருடங்கள்.

சரி, ஜெர்மனிக்கு வருவோம். அந்தக் காலத்தில் கொரியக் கால்பந்துச் சங்கம் தேர்ந்தெடுத்த இளைஞர்களை வெளிநாட்டு கிளப்புகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சியோலில் எஃப்சி சியோல் கிளப்போடு இணைந்த டோங்புக் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சோன், 2008இல் அந்தத் திட்டத்தில் ஹாம்பர்க்குக்குப் போனார். அவரோடு வேறு இரண்டு கொரியப் பையன்களும் அதே கிளப்புக்குப் போனார்கள். மூவருக்கும் ஒரே வயது, ஒரே வாய்ப்பு. அங்கே ஒப்பந்தம் கிடைத்தது ஒருவருக்குத்தான். வெளிநாடு போனாலே ஆளாகிவிடலாம் என்று நினைப்பவர்கள் அந்த மற்ற இருவரையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அவருக்கும் ஒப்பந்தம் உடனே கிடைத்துவிடவில்லை. ஒரு வருடம் முடிந்து 2009இல் ஊர் திரும்பினார். அந்த ஆண்டின் இறுதியில் நைஜீரியாவில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நடந்தது. சோன் மூன்று கோல் போட்டார், கொரியா காலிறுதி வரை போய், போட்டியை நடத்திய நைஜீரியாவிடம் தோற்றது. அதற்குப் பிறகுதான் ஹாம்பர்க் அவரை முறையாகச் சேர்த்துக்கொண்டது.

மொழி தெரியாத ஊர், பழகாத சாப்பாடு, கிளப் விடுதி. தொலைக்காட்சியில் சிறுவர்களுக்கான கார்ட்டூன் பார்த்தே ஜெர்மன் பேசக் கற்றுக்கொண்டார். இன்று அவர் ஜெர்மன் பேட்டிகளைக் கேட்டால், அந்த ஊரிலேயே வளர்ந்த பையன் பேசுவது போல இருக்கும். மைதானத்துக்குள் ஒரு ஆசியப் பையனை அணி நம்புவதற்கு இந்த மொழி எவ்வளவு உதவியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பயிற்சியாளர் ஓய்வறையில் ஒருமுறை சொல்வதை உடனே புரிந்துகொள்கிறவனுக்கும், மொழிபெயர்ப்பாளர் முகத்தைப் பார்த்து நிற்கிறவனுக்கும் களத்தில் கிடைக்கும் நிமிடங்கள் ஒன்றாக இருக்காது. அப்பாவும் ஜெர்மனிக்கே வந்து பக்கத்தில் தங்கி, கிளப் பயிற்சி போக மிச்ச நேரத்தில் தன் பயிற்சியைத் தொடர்ந்தார்.

2010 கோடையில் 18 வயது நிறைந்தது. முதல் அணியோடு ஆடிய முன்தயாரிப்பு ஆட்டங்களில் கோல்களாகக் குவித்தார், செல்சிக்கு எதிராகவும் ஒன்று போட்டார். அதே ஆட்டத்தில் காலில் எலும்பு முறிவு. அப்போது ஹாம்பர்க்கில் ஆடிய நெதர்லாந்தின் புகழ்பெற்ற முன்கள ஆட்டக்காரர் ரூட் வான் நிஸ்டல்ரூய் அந்தச் சின்னப் பையனைத் தட்டிக்கொடுத்து, நாங்கள் உனக்காகக் காத்திருப்போம் என்றார். அக்டோபர் 30 அன்று கோல்ன் அணிக்கு எதிராக ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பண்டஸ்லிகாவில் முதல் கோல் வந்தது. பின்னாலிருந்து நீளமாக வந்த பந்தை ஓடிப்போய், முன்னேறி வந்த கோல்கீப்பர் தலைக்கு மேல் ஒரு தட்டு தட்டிவிட்டு, தரையில் நிலைகொள்ளும் முன்பே இடது காலால் வலைக்குள் தள்ளினார். பலம் காட்டிப் போட்ட கோல் இல்லை. திடலில் ஆயிரக்கணக்கான முறை பந்தைத் தட்டியவனால்தான் அந்த முதல் தட்டைத் தட்ட முடியும். ஹாம்பர்க்குக்காக பண்டஸ்லிகாவில் கோல் போட்டவர்களில் மிக இளையவர் என்ற பெயரும் அன்று அவருக்கு வந்தது.

நம் பக்கத்துச் சேதி ஒன்றும் உண்டு. கொரியாவின் தேசிய அணிக்காக அவர் போட்ட முதல் கோல் இந்தியாவுக்கு எதிராகத்தான். 2011 ஜனவரியில் டோஹாவில் நடந்த ஆசியக் கோப்பை ஆட்டம். சுனில் சேத்ரி பெனால்டியில் ஒன்று போட, சுப்ரதா பால் கோல் வாசலில் உயிரைக் கொடுத்துத் தடுக்க, கடைசியில் 4-1. அந்த நான்காவது கோல் 18 வயது சோனுடையது.

முதல் சீசன் முடிந்து விடுமுறைக்கு ஊர் வந்த அந்தக் கோடையில் அப்பா அவரை ஓய்வெடுக்க விடவில்லை. ஐந்து வாரம், தினமும் வலது காலால் 500, இடது காலால் 500 என்று ஆயிரம் உதை. பெனால்டி கட்டத்தின் இரண்டு மூலைகளுக்கு வெளியே சில இடங்களைக் குறித்து வைத்து, அங்கிருந்து தூரக் கம்பத்தை நோக்கி வளைத்து அடிக்க வேண்டும். இன்று ரசிகர்கள் அதைச் சோனின் இடம் என்றே சொல்கிறார்கள். அங்கே அவருக்குப் பந்து கிடைத்தால் எதிரணி ரசிகன் தலையில் கை வைத்துவிடுவான்.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இன்றைக்குக் கேட்கிறவர்களுக்கு இதுதான் முக்கியம். 18 வயதுக்குக் கீழ் உள்ள ஆட்டக்காரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு மாற்றுவதை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா பொதுவாகத் தடை செய்கிறது. விலக்குகள் உண்டு: பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டில் குடியேறியிருக்க வேண்டும், அல்லது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயது நிறைந்தவர் இடம் மாறலாம், அல்லது எல்லையோரத்தில் மிக அருகருகே வீடும் கிளப்பும் இருக்க வேண்டும், இப்படிச் சில. பிள்ளைகளை மூட்டை கட்டிக் கொண்டுபோய், தேறாதவர்களை அந்நிய ஊரில் கைவிட்ட கதைகள் பெருகியதால் வந்த விதி இது. தேவையான விதி என்பதே என் எண்ணம்.

அந்த விதி வேலை செய்தபோது அடிபட்டவர்கள் பிள்ளைகள்தான் என்பதும் உண்மை. பார்சிலோனா தன் அகாடமியில் வெளிநாட்டுச் சிறுவர்களை விதியை மீறிச் சேர்த்ததற்காக 2014இல் ஃபிஃபா தண்டித்தது. அங்கே இருந்த கொரியப் பையன்களில் லீ சியுங்-வூ ஒருவர். கொரியாவின் மெஸ்ஸி என்று பேசப்பட்டவர். 18 வயது ஆகும் வரை அதிகாரப்பூர்வ ஆட்டங்களில் அவரை இறக்க முடியவில்லை. பயிற்சி மட்டும் செய்துகொண்டு, ஆட்டம் நடக்கும் நாளில் வெளியே உட்கார்ந்திருந்தார். 15, 16 வயதில் ஆட்டம் இல்லாமல் போன காலத்தை அப்புறம் எந்தப் பயிற்சியாலும் ஈடுகட்ட முடியவில்லை. அதே அகாடமியில் இருந்த ஜப்பானின் தகேஃபூசா குபோ 2015இல் ஊர் திரும்பினார். உள்ளூரிலேயே ஆடி, 18 வயதானதும் ரியல் மாட்ரிட் வழியாக மறுபடி ஸ்பெயினுக்கு வந்தார், இன்று ரியல் சோசியதாதில் பெயர் சொல்லும் ஆட்டக்காரர். திரும்பி வந்தவருக்குத்தான் வழி திறந்தது. லீ சியுங்-வூ பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார்.

சோனின் அடுத்த சில வருடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2013இல் சுமார் ஒரு கோடி யூரோவுக்கு இன்னொரு ஜெர்மன் கிளப்பான லெவர்குசன். அதே ஆண்டு நவம்பரில் பழைய கிளப் ஹாம்பர்க்குக்கு எதிராகவே மூன்று கோல். 2015 ஆகஸ்டில் லண்டனின் டாட்டன்ஹாம். முதல் சீசனில் லீக்கில் நான்கே கோல், ஜெர்மனிக்கே திரும்பிவிடலாம் என்று முடிவெடுக்கும் நிலை. பயிற்சியாளர் பொச்செட்டினோ பேசி நிறுத்தினார். அடுத்த சீசனில் லீக்கில் மட்டும் 14 கோல். ஏழு வருடம் ஐரோப்பாவில் கழித்தவருக்கே ஒரு புது நாடு பிடிபட ஒரு வருடம் ஆனது. அப்போதும் பெற்றோருடன்தான் வசித்தார்.

இனி அந்தக் கெடு. தென் கொரியாவில் உடல் தகுதியுள்ள ஒவ்வொரு ஆணும் 28 வயதுக்குள் இராணுவ சேவைக்குப் போக வேண்டும், அப்போது ஏறத்தாழ 21 மாதம். விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு கிடைக்க இரண்டே வழி: ஒலிம்பிக்கில் ஏதாவது ஒரு பதக்கம், அல்லது ஆசிய விளையாட்டில் தங்கம். ஐரோப்பாவில் உச்சத்தில் இருக்கும் ஒருவர் இரண்டு வருடம் காணாமல் போனால் அப்புறம் எந்த கிளப் திரும்ப எடுக்கும்? முந்தைய தலைமுறையின் சா பும்-குன், பண்டஸ்லிகாவில் 98 கோல் போட்ட மாமனிதர், 1978இல் ஜெர்மனிக்குப் போய் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, பாக்கி இருந்த சேவையை முடிக்க ஊர் திரும்ப வேண்டியிருந்தது. முடித்துவிட்டுத்தான் ஃபிராங்ஃபர்ட்டில் சேர்ந்தார்.

சோனுக்கு வாய்ப்புகள் ஒவ்வொன்றாகக் கை நழுவின. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கொரியா வெண்கலம் வென்றது, அந்த அணியில் அவர் இல்லை. 2014 இன்சியோன் ஆசிய விளையாட்டில் தங்கமே கிடைத்தது. லெவர்குசன் அவரை விடவில்லை. 2016 ரியோவில் ஆடினார், காலிறுதியில் ஹோண்டுராஸிடம் 1-0 தோல்வி, மைதானத்திலேயே விழுந்து அழுதார். 2018 ஆகஸ்டில் இந்தோனேசியாவில் ஆசிய விளையாட்டு தொடங்கியபோது வயது 26. நடைமுறையில் அதுதான் கடைசி வாய்ப்பு. இங்கிலாந்தில் சீசன் தொடங்கியிருந்தும் டாட்டன்ஹாம் விட்டது. பதிலுக்கு அவர் சில நட்பு ஆட்டங்களையும் அடுத்த ஆசியக் கோப்பையின் முதல் இரண்டு ஆட்டங்களையும் விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தம்.

போன இடத்தில் குழு ஆட்டத்திலேயே மலேசியாவிடம் 2-1 தோல்வி. நாடே பதறியது. கேப்டன் அவர்தான், ஆனால் அந்தத் தொடர் முழுவதும் அவர் போட்டது ஒரே கோல், கிர்கிஸ்தானுக்கு எதிராக. மற்ற நேரமெல்லாம் தனக்குக் கிடைத்த பந்தை மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். செப்டம்பர் 1, இறுதிப் போட்டி, எதிரே ஜப்பான். 90 நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரம் தொடங்கிய கையோடு சோன் பெனால்டி கட்டத்துக்குள் பந்தை ஓட்டிக்கொண்டு நுழைந்தார். அவர் காலடியிலிருந்த பந்தை ஓடிவந்து இடது காலால் வலைக்குள் அடித்தவர் லீ சியுங்-வூ. பார்சிலோனாவில் உட்கார்ந்தே காலம் கழித்த அதே பையன். அடித்துவிட்டு விளம்பரப் பலகை மேல் ஏறி நின்றான். சற்று நேரத்தில் சோன் இடதுபக்கத்திலிருந்து தூக்கிக் கொடுத்த ஃப்ரீ கிக்கில் ஹ்வாங் ஹீ-சான் தலையால் முட்டி இரண்டாவது கோல். ஜப்பான் ஒன்றைத் திருப்பியது, 2-1. அணியில் இருந்த அத்தனை பேருக்கும் விலக்கு.

அவர் போட்ட எந்த அழகான கோலையும்விட இந்த இரண்டு பாஸ்களைத்தான் நான் மேலாக வைப்பேன். அன்றைக்குத் தோற்றிருந்தால், அடுத்த ஏழு வருடத்தில் நாம் பார்த்த பெரும்பகுதி நடந்தே இருக்காது. விலக்கு என்றாலும் அடிப்படைப் பயிற்சி உண்டு. 2020இல் கொரோனாவால் லீக் நின்றபோது ஜெஜு தீவில் மரைன் படையினரோடு மூன்று வாரம் முடித்துவிட்டு வந்தார்.

காப்பாற்றிய அந்த வருடங்களில் என்ன செய்தார்? 2019 நவம்பரில் ஒரு லீக் ஆட்டத்தில் அவர் இடைமறித்ததில் எவர்டனின் ஆண்ட்ரே கோமஸ் கால் முறிந்து, சோன் தேம்பி அழுதுகொண்டே வெளியேறினார். மூன்று நாள் கழித்து பெல்கிரேடில் இரண்டு கோல் போட்டு, ஐரோப்பாவில் அதிக கோல் போட்ட கொரியர் என்ற சா பும்-குன்னின் சாதனையைத் தாண்டினார். கொண்டாடவில்லை. கேமரா பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதம் பர்ன்லிக்கு எதிராகத் தன் பக்கத்துப் பெனால்டி கட்டத்தருகே பந்தை வாங்கி, ஏறக்குறைய மைதானம் முழுக்கத் தனியாக ஓடிப் போட்ட கோலுக்கு, ஆண்டின் சிறந்த கோலுக்கு ஃபிஃபா தரும் புஷ்காஷ் விருது கிடைத்தது. டாட்டன்ஹாமில் உடன் ஆடிய ஹாரி கேனோடு சேர்ந்து, ஒருவர் கொடுக்க ஒருவர் போட்டு, பிரீமியர் லீக்கில் 47 கோல். எந்த ஜோடியும் அதை எட்டியதில்லை.

2022 மே 22, சீசனின் கடைசி நாள், நார்விச் மைதானம். இரண்டாம் பாதியில் ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு கோல். இரண்டாவது அவர் இடத்திலிருந்தே, தூரக் கம்பத்துக்குள் வளைந்து போனது. அந்த சீசனில் லீக்கில் மொத்தம் 23, அதிக கோல் போட்டவருக்கான தங்கக் காலணியை முகமது சாலாவோடு பகிர்ந்துகொண்டார், ஆசியாவிலிருந்து முதல் ஆள். பெனால்டி ஒன்றுகூட இல்லை. இடது காலால் 12, வலது காலால் 11. வலது கால் பழக்கமுள்ள ஒருவரின் கணக்கு இது. சுன்சியோனில் அப்பா விதைத்தது இதைத்தான்.

கிளப்போடு ஒரு கோப்பைதான் நெடுநாள் வரவே இல்லை. 2019 சாம்பியன்ஸ் லீக் இறுதி, 2021 லீக் கோப்பை இறுதி, இரண்டிலும் தோல்வி. கேன் போன பிறகும் இவர் இருந்தார், 2023இல் கேப்டன் ஆனார். 2025 மே 21 அன்று பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று, ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைக் கோப்பையான யூரோப்பா லீக் கிடைத்தது. இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, பெரும்பாலும் தற்காப்புதான் ஆடினார். இடுப்பில் கொரியக் கொடியைக் கட்டிக்கொண்டு கோப்பையைத் தூக்கினார். அந்தக் கோடையில் 454 ஆட்டம், 173 கோல் என்ற கணக்கோடு டாட்டன்ஹாமிலிருந்து விடைபெற்று, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கிளப்புக்குப் போனார்.

சரி, பையனை அனுப்பலாமா? என் பதில்: 14, 15 வயதில் கிடைக்க வேண்டியது ஆட்ட நிமிடங்களும் நல்ல அடிப்படையும். அவை உள்ளூரில் கிடைத்தால் 18 வரை உள்ளூரே மேல், குபோ அதற்குச் சாட்சி. வெளிநாட்டு ட்ரையல் என்று சொல்லி யாராவது முன்பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். உண்மையில் ஆள் வேண்டுமென்று தேடுகிற கிளப் குடும்பத்திடம் பணம் கேட்காது. முறையான அழைப்பாகவே இருந்தாலும், ஃபிஃபா விதியின் எந்த விலக்கின் கீழ் பையனைப் பதிவு செய்யப் போகிறார்கள், அதிகாரப்பூர்வ ஆட்டங்களில் எப்போதிலிருந்து இறக்க முடியும், பள்ளிப் படிப்பு எங்கே, வீட்டார் ஒருவர் கூடத் தங்க வழியுண்டா என்ற நான்குக்கும் கிளப்பிடமிருந்தே எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராத வரை டிக்கெட் போடாதீர்கள்.